பின்னோக்கிய மாற்றமா? அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் திட முன்னச்சு பொருத்தும் பட்டறை மரபு: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980களில் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றின் முன்பகுதியில் திட அச்சு நீக்கப்பட்டுத் தனித்தியங்கும் சஸ்பென்ஷன் இடம்பெற்றது. அவ்வண்டிகளை வாங்கியோருள் ஒரு சாரார் ஆலை பொருத்திய அமைப்பை வெட்டியெறிந்துவிட்டு, பழைய திட அச்சையே மீண்டும் பொருத்தினர். பட்டறைகளில் இன்றும் தொடரும் இச்செயலைப் பழமை மீதான பற்று எனக் கொள்வது வழக்கம். இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. பிக்கப் வண்டிக்கு இயங்கும் முன்னச்சு வந்ததே பெரும்பாலும் ஆலைக்கு வெளியிலிருந்துதான் என்பதையும், திட அச்சு 'காலாவதி' ஆனது பொறியியலால் மட்டுமன்று, சந்தைத் தேர்வாலும் ஆகும் என்பதையும், பட்டறையில் உருவாகும் வண்டி பழைய வண்டியின் மீட்சியன்று என்பதையும் டொயோட்டா பிக்கப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திட அச்சு, தனித்தியங்கும் சஸ்பென்ஷன், பிக்கப், டொயோட்டா ஹைலக்ஸ், பட்டறை அறிவு, பயனர், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் புதியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கண்டுபிடித்தவர், உரிமம் பெற்ற ஆண்டு, முதல் ஆலை, முதல் விற்பனை என்னும் வரிசையில் அது நகர்கிறது. விற்பனைக்குப் பிறகு ஒரு பொருள் அடையும் மாற்றங்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' என்னும் நூல் இக்குறையைச் சுட்டிக்காட்டி, பயன்பாட்டில் உள்ள பொருள்களின் வரலாறே மக்களின் தொழில்நுட்ப வரலாறு என வாதிட்டது. அதற்கு முன்னரே, 1996இல், ரொனால்டு கிளைனும் டிரெவர் பின்ச்சும் எழுதிய கட்டுரை, அமெரிக்க நாட்டுப்புற உழவர்கள் மாடல் டி காரின் பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, அதைக்கொண்டு பண்ணைக் கருவிகளை இயக்கிய செய்தியை ஆராய்ந்து, பயனரும் தொழில்நுட்பத்தை உருவாக்குபவரே என்று காட்டியது.

இவ்வாய்வுகள் எழுப்பிய வினாவுக்கு வேறொரு திசையிலிருந்து விடை தேடுகிறது இக்கட்டுரை. உழவர்கள் காருக்குப் புதிய பயன் கண்டனர். இங்கு நாம் காண்போரோ புதிய அமைப்பை நீக்கிப் பழையதைப் பொருத்துகின்றனர். முன்னேற்றம் என அறிவிக்கப்பட்ட ஒன்றைப் பயனர் மறுக்கும்போது, அம்மறுப்பை அறியாமை எனக் கொள்வதா, அறிவு எனக் கொள்வதா என்பதே கட்டுரையின் மையச் சிக்கல்.

1. இரு அமைப்புகளின் இயல்பு

பொருளை விளக்காமல் வரலாற்றை விளக்க இயலாது. திட அச்சு என்பது இரு முன்சக்கரங்களையும் ஒரே விறைத்த கூட்டால் இணைப்பது. அக்கூட்டின் நடுவிலோ ஒருபக்கம் தள்ளியோ டிஃபரன்ஷியல் அமையும். அதிலிருந்து இருபுறமும் செல்லும் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றும். ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறும்போது அச்சு முழுவதும் சாய்கிறது. மறு சக்கரம் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. தனித்தியங்கும் சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தன் கைகளின்மேல் தனியே ஏறி இறங்கும். ஒன்றின் அசைவு மற்றதை நேரடியாகத் தாக்காது.

இரண்டாவதன் சிறப்புகள் மறுக்க இயலாதவை. ஸ்பிரிங்கினால் தாங்கப்படாத எடை குறைவதால் சக்கரம் சாலையை விட்டு எழுவது குறைகிறது, விரைந்து செல்லும்போது வண்டி நிலையாக நிற்கிறது, பயணம் மென்மையாகிறது. திட அச்சில் முன்சக்கரங்கள் இடவலமாக நடுங்கும் குறை தொடக்க காலத்திலிருந்தே அறியப்பட்டது. அமெரிக்கக் கார்களில் 1934ஆம் ஆண்டளவில் ஜெனரல் மோட்டார்ஸ் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைப் பரவலாகக் கொண்டுவந்ததற்கு இக்குறையும் ஒரு காரணம். ஃபோர்டு கார்கள் 1949ஆம் ஆண்டு வடிவத்தில்தான் அம்மாற்றத்தை ஏற்றன.

கரடுமுரடான பாதையில் மெதுவாக ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இக்கணக்கு மாறுகிறது. திட அச்சில் சக்கரம் எவ்வளவு ஏறினாலும் டிஃபரன்ஷியலுக்கும் அச்சு நிற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரிதும் மாறுவதில்லை. தனி சஸ்பென்ஷனில் சக்கரம் மேலேறும்போது வண்டியின் அடிப்பகுதி தரையை நெருங்குகிறது. மேலும், திட அச்சின் முனையிலுள்ள மூட்டு ஸ்டியரிங் திருப்பத்திற்கு மட்டும் வளைந்தால் போதும். தனி சஸ்பென்ஷனின் மூட்டுகளோ திருப்பத்தோடு சக்கரத்தின் ஏற்ற இறக்கத்திற்கும் வளைய வேண்டும். பெரிய டயர்களுக்காக வண்டியை உயர்த்தினால் அவ்வளைவு நிலையாகவே கூடி, மூட்டும் அதைக் காக்கும் ரப்பர் உறையும் விரைவில் பழுதாகின்றன. ஆகவே, 'எது சிறந்தது' என்பதற்குத் தரையையும் வேகத்தையும் குறிப்பிடாமல் விடையளிக்க இயலாது.

2. ஆலைக்கு முன்னே சென்ற பட்டறை: 1931 முதல் 1959 வரை

முன்னச்சை மாற்றுவது ஆலையின் முடிவை மீறும் செயல் என இன்று கருதப்படுகிறது. ஆனால் வரலாறு தலைகீழாகவே தொடங்கியது. 1931இல் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம், 1930களின் நடுப்பகுதியிலிருந்து ஃபோர்டு லாரிகளை வாங்கி, இயங்கும் முன்னச்சைப் பொருத்தி, அனைத்துச் சக்கர இயக்க வண்டிகளாக விற்றது. ஃபோர்டு ஆலை அத்தகைய பிக்கப்பைத் தானே செய்யாத காலம் அது.

இரண்டாம் உலகப்போர் நான்கு சக்கர இயக்கத்தைப் பல்லாயிரம் படைவீரர்களுக்குப் பழக்கப்படுத்தியது. போர் முடிந்ததும் டாட்ஜ் நிறுவனம் 1946இல் பவர் வேகன் வண்டியையும், வில்லிஸ் நிறுவனம் 1947இல் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஷெவ்ரலே, ஜிஎம்சி பிக்கப்களை வைத்திருந்தோர் மினியாபொலிஸ் நகரின் நாப்கோ நிறுவனத்தை நாடினர். அந்நிறுவனம் முன்னச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் தண்டுகள் அடங்கிய தொகுப்பை விற்றது. ஆலைப் பாகங்களோடு ஒத்துப்போகும் வகையில் அத்தொகுப்பு வடிவமைக்கப்பட்டிருந்ததால், வேலை தெரிந்த எந்தப் பட்டறையும் இரு சக்கர இயக்க வண்டியை நான்கு சக்கர இயக்கமாக மாற்ற முடிந்தது.

இதன் விளைவு கருதத்தக்கது. 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அத்தொகுப்பை ஆலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. ஷெவ்ரலே பிக்கப்பில் அது 1957இல் கிடைத்தது. ஃபோர்டு தன் சொந்த நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பை 1959ஆம் ஆண்டு வடிவமாக வெளியிட்டது. அதாவது, வெளியார் பொருத்திய திட முன்னச்சு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் விற்பனையாகித் தன் தேவையை மெய்ப்பித்த பின்னரே பெரிய ஆலைகள் அதைத் தமதாக்கிக்கொண்டன.

3. ஆலைகள் திசைமாறிய காலம்: 1980 முதல் 1988 வரை

இரு சக்கர இயக்கப் பிக்கப்களில் தனி சஸ்பென்ஷன் முன்னரே நுழைந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1960இல் அதைப் புகுத்தியது. ஃபோர்டு 1965இல் இரு குறுக்குத் தண்டுகளைக் கொண்ட தன் தனி வடிவத்தை அறிமுகப்படுத்தியது. நான்கு சக்கர இயக்க வண்டிகளில் மட்டும் திட அச்சு நீடித்தது. இயங்கும் அச்சைப் பிரித்துத் தொங்கவிடுவது கூடுதல் மூட்டுகளையும் செலவையும் வேண்டியது.

அந்நிலை 1980களில் மாறியது. ஃபோர்டு 1980இல் எஃப்-150 வண்டியின் முன்னச்சை இரு துண்டுகளாகப் பிரித்தது. டொயோட்டா 1986ஆம் ஆண்டு வடிவத்திலும், ஷெவ்ரலே 1988ஆம் ஆண்டு வடிவத்திலும் முறுக்குத் தண்டு கொண்ட தனி சஸ்பென்ஷனுக்கு மாறின. இவற்றிற்குப் பின்னே ஒரு சமூக மாற்றம் இருந்தது. பண்ணைக்கும் கட்டுமானத்திற்கும் உரிய உழைப்பு வண்டியாக இருந்த பிக்கப், அக்காலத்தில் நகரத்தார் அலுவலகத்திற்கும் கடைக்கும் ஓட்டிச் செல்லும் வண்டியாகவும் ஆகிவிட்டது. வாரத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு மென்மையான முன்பகுதியே பொருத்தம். ஆலைகளின் முடிவு அவ்வகையில் பிழையானதன்று. ஆனால் அம்முடிவு எல்லாப் பயனருக்கும் பொதுவான முன்னேற்றமாக அறிவிக்கப்பட்டபோது, சிறுபான்மையினரின் தேவை விற்பனைப் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போனது.

4. ஒரு நிறுவனம், இரு விடைகள்: டொயோட்டா பிக்கப்

உலகின் பல பகுதிகளில் ஹைலக்ஸ் என வழங்கும் வண்டி, அமெரிக்காவில் அப்பெயரின்றி டொயோட்டா பிக்கப் என்றே விற்கப்பட்டது. அதன் நான்கு சக்கர இயக்க வடிவம் அங்கு 1979ஆம் ஆண்டு வடிவமாக அறிமுகமாயிற்று. பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் அமர்ந்த திட முன்னச்சு, நான்கு சிலிண்டர் எஞ்சின், எளிய சேசிஸ் ஆகியவை அதன் இயல்புகள். கலிஃபோர்னியாவின் ரூபிகான் மலைப்பாதை, யூட்டா மாநிலத்தின் மோப் பாறைவெளி போன்ற இடங்களில் ஜீப் வண்டிகளோடு இணையாக இவ்வண்டியும் இடம்பிடித்தது. 1985ஆம் ஆண்டு வடிவமே அமெரிக்காவில் திட முன்னச்சோடு வந்த கடைசி டொயோட்டா பிக்கப் ஆகும்.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட சந்தைகளில் அதே நிறுவனம் அதே வண்டியைத் திட முன்னச்சோடு 1997 வரை விற்றது. லேண்ட் குரூசர் 70 வரிசை இன்றளவும் திட முன்னச்சோடுதான் ஆலையிலிருந்து வெளிவருகிறது. திட அச்சு பொறியியல் அடிப்படையில் காலாவதி ஆகியிருப்பின் இவ்விற்பனைகளை விளக்க இயலாது. செப்பனிடப்படாத பாதையில் சுமையேற்றி ஓடும் வண்டிக்குத் திட அச்சே ஏற்றது என நிறுவனம் அறிந்திருந்தது. அமெரிக்க வாங்குநரோ அத்தகைய பாதையில் ஓட்டுபவர் அல்லர் என முடிவு செய்தது. காலாவதி என்பது இங்குக் காலத்தைவிடச் சந்தையையே சார்ந்திருந்தது.

அமெரிக்க ஆலைகளின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஃபோர்டின் கனரக சூப்பர் டியூட்டி வரிசை 1999இல் திட முன்னச்சோடு வந்தது. ஜீப் ராங்ளர் அதை விடவே இல்லை. 2020ஆம் ஆண்டு வடிவமாக வந்த ஜீப் கிளாடியேட்டர் பிக்கப்பும் திட முன்னச்சு கொண்டதே. பட்டறையாளர் மறுத்தது முன்னேற்றத்தையன்று. தம்மைப் பற்றிய ஓர் ஊகத்தை.

5. பட்டறையில் உருவாகும் வண்டி

மாற்றுதல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் 'பின்னோக்கிய மாற்றம்' என்னும் சொல்லின் போதாமை புலனாகும். முதலில் முறுக்குத் தண்டுகள், மேல் கீழ்க் கைகள், சேசிஸில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஆகியவை கழற்றப்படுகின்றன. அவற்றைத் தாங்கிய இரும்புத் தாங்கிகள் வெட்டப்பட்டு, சேசிஸ் தேய்த்துச் சமன்செய்யப்படுகிறது. பின்னர் ஸ்பிரிங்கின் முன்முனைக்கும் பின்முனைக்கும் புதிய தாங்கிகள் வெல்டிங் செய்யப்படுகின்றன. இந்நிலைக்கு மேல் ஆலை அமைப்புக்கு எளிதில் திரும்ப இயலாது.

எந்த அச்சைப் பொருத்துவது என்பது அடுத்த வினா. 1979 முதல் 1985 வரையிலான டொயோட்டா பிக்கப்பின் அச்சு, 1978–1979 ஃபோர்டு வண்டிகளின் டானா 44 அச்சு, இன்னும் கனமான டானா 60 அச்சு ஆகியவை பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்குகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. அமெரிக்க வாகனப் பண்பாட்டில் இக்கிடங்குகளின் இடத்தை டேவிட் லுஸ்கோ 2016இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்சைத் தேர்பவர் அதன் வலிமையை மட்டும் பார்ப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னோக்கி வரும் தண்டு வண்டியின் எப்பக்கம் உள்ளதோ, அச்சின் டிஃபரன்ஷியலும் அப்பக்கமே இருக்க வேண்டும். பின்னச்சின் பல்சக்கர விகிதமும் முன்னச்சின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரு அச்சுகளின் அகலமும் ஒத்திருப்பது நல்லது.

டொயோட்டாவில் இவ்வகலச் சிக்கல் எழுந்தது. 1986க்குப் பிந்தைய வண்டி முந்தையதைவிட ஏறத்தாழ மூன்று அங்குலம் அகலமானது. பழைய முன்னச்சைப் பொருத்தினால் முன்சக்கரங்கள் உள்ளொடுங்கும். பட்டறையாளர் கண்ட தீர்வுகளுள் ஒன்று, நீக்கப்பட்ட தனி சஸ்பென்ஷனின் ஹப்களையே பழைய அச்சின் முனையில் பொருத்துவது. ஸ்டியரிங்கிலும் இதே முறை செயல்பட்டது. 1985க்கு முந்தைய வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸின் கை முன்னும் பின்னும் அசைந்து, ஒரு தண்டின் வழியே ஒரு சக்கரத்தைத் தள்ளி இழுத்தது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது அத்தண்டின் வட்டப்பாதை சக்கரத்தைத் தானே திருப்பிவிடும் குறை அதில் இருந்தது. 1986க்குப் பிந்தைய பாக்ஸின் கை இடவலமாக அசைவது. அதை வைத்துக்கொண்டு, அச்சு முனையின் மேற்புறத்தில் புதிய கைகளைப் பொருத்தி, வண்டியின் குறுக்கே செல்லும் தண்டால் இணைத்தபோது அக்குறை பெரிதும் தணிந்தது. இவ்வழி பின்னர், 1985க்கு முந்தைய ஆலைத் திட அச்சு வண்டிகளை வைத்திருப்போருக்கும் பயன்பட்டது. அவர்களும் தனி சஸ்பென்ஷன் வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸைத் தேடி வாங்கினர். பிரேக்கிலும் பிந்தைய வண்டிகளின் பெரிய காலிப்பர்கள் பழைய அச்சில் ஏறின.

ஆக, பட்டறையில் உருவாகும் வண்டியில் அச்சு பழையது; ஹப்பும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிந்தையவை; தாங்கிகளும் கைகளும் புதிதாகச் செய்யப்பட்டவை. இச்சேர்க்கையை எந்த ஆலையும் எந்த ஆண்டிலும் விற்றதில்லை. மீட்சி என நாம் அழைப்பது உண்மையில் ஒரு புதிய படைப்பு. புதிய அமைப்பை முழுவதும் வெறுத்தவர்களாக இப்பட்டறையாளரைக் கருத இயலாது. அதன் நன்மைகளைப் பிரித்தெடுத்து ஏற்றவர்கள் அவர்கள்.

6. சட்டமும் பொறுப்பும்

இம்மரபைப் போற்றுவதோடு நின்றுவிடின் ஆய்வு முழுமை பெறாது. முன்னச்சு என்பது வண்டியின் திசையையும் நிறுத்தத்தையும் ஆளும் பகுதி. அச்சு முனையின் சாய்வுக் கோணம் தவறினாலோ, தாங்கும் மூட்டுகள் தளர்ந்தாலோ, 1930களில் அறியப்பட்ட அதே நடுக்கம் மீண்டும் தோன்றும். ஸ்டியரிங் தாங்கியின் வெல்டிங் விரிந்தால் விபத்து நேரும். அவ்விபத்தில் சிக்குவோர் வண்டிக்காரர் மட்டுமல்லர்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இப்பொறுப்பை வினோதமான முறையில் பகிர்கிறது. கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலைக்கேற்ப நிறுவப்பட்ட ஓர் அமைப்பைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக்கூடாது என்னும் தடை, தயாரிப்பாளர், விநியோகிப்பவர், விற்பனையாளர், பழுதுநீக்கும் நிறுவனம் முதலிய வணிகத் தரப்பினருக்கே உரியது. தன் வண்டியைத் தானே மாற்றும் உடைமையாளரை அது கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டுப்படுத்துபவை வண்டியின் உயரம், ஆண்டாய்வு முதலியன பற்றிய மாநிலச் சட்டங்கள். அவை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. 2012ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து இலகு வண்டிகளில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. சக்கரங்களின் சுழற்சியையும் ஸ்டியரிங் கோணத்தையும் அளந்து பிரேக்கை இயக்கும் அவ்வமைப்போடு வேற்று அச்சை இணைப்பது கடினம். இம்மாற்றத்திற்குப் பழைய பிக்கப்களே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு விலைக்குறைவோடு இதுவும் ஒரு காரணம் எனலாம். பட்டறையாளரின் உரிமை இவ்வாறு பழைய வண்டிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து சுருங்கி வருகிறது.

திட அச்சே எங்கும் வெல்லும் என்பதும் உண்மையன்று. பாலைவனத்தில் அதிவேகமாக ஓடும் பந்தயப் பிக்கப்களின் முன்பகுதியில் நெடிய அசைவுடைய தனி சஸ்பென்ஷனே நிலைபெற்றுள்ளது. பாலைவன ஓட்டத்தையும் பாறையேற்றத்தையும் ஒன்றிணைத்து 2007 முதல் கலிஃபோர்னியாவில் நடைபெறும் கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் போட்டியில் இரு வகை வண்டிகளும் வென்றுள்ளன. பட்டறை அறிவு மாறாத நம்பிக்கையாக இறுகும்போது, ஆலையின் பொதுமைப்படுத்தலில் உள்ள அதே குறை அதிலும் நேர்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அமெரிக்கப் பிக்கப் வண்டிக்கு இயங்கும் திட முன்னச்சைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியதில் மார்மன்-ஹெரிங்டன், நாப்கோ போன்ற ஆலைக்கு வெளியிலான நிறுவனங்களுக்கும், அவற்றின் தொகுப்புகளைப் பொருத்திய பட்டறைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. 1986க்குப் பின் எழுந்த மாற்று மரபு அதன் தொடர்ச்சியேயன்றி மீறலன்று. இரண்டாவது, ஒரு தொழில்நுட்பம் ஒரு நாட்டில் வழக்கொழிந்தது என்பதை அது தோற்றதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது; 1997 வரை வேறு சந்தைகளில் விற்கப்பட்ட ஹைலக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, பழையதைப் பொருத்துவோர் பழமைக்குத் திரும்புவதில்லை. இரு காலங்களின் பாகங்களைத் தெரிந்து சேர்த்து மூன்றாவது ஒன்றைச் செய்கின்றனர்.

இம்முடிவுகள் ஆய்வு முறை பற்றியும் ஒன்றை உணர்த்துகின்றன. ஆலையின் வரைபடமும் விற்பனைப் பட்டியலும் ஒரு வண்டி பிறந்த நாளை மட்டுமே பதிவு செய்கின்றன. அதன் பிற்கால வாழ்வைச் சேசிஸில் உள்ள வெல்டிங் தழும்புகளும், வேறோர் ஆண்டின் எண் பொறித்த ஸ்டியரிங் பாக்ஸும் பதிவு செய்துள்ளன. பொருளையே ஆவணமாகப் படிக்கும் பயிற்சி, கல்வெட்டையும் பானையோட்டையும் படித்துப் பழகிய நம் ஆய்வுலகிற்குப் புதிதன்று. அப்பயிற்சியை அண்மைக்கால எந்திரங்களின்மீதும் செலுத்தினால், எழுத்தில் தம் அறிவைப் பதிவு செய்யாத பட்டறையாளரும் தொழில்நுட்ப வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.